லேபிள் இல்லாத புட்டி

மேல் ஸ்டேஷன்,
ஏப்ரல் 9

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நான் சுகம். அங்கே தாங்கள், கடை, உங்கள் தங்கை மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மலையேறி ஒரு வாரம் ஆகிறது. போன வருஷம் இருந்த அதே அறை, அதே கட்டில். ரோப்வேயின் தலைமாட்டில் எங்கள் ஸ்டேஷன். சுரங்கத்திலிருந்து வரும் தாதுவைத் தொட்டிகளில் நிரப்பிக் கீழே விடுவதும், சக்கரமும் வடமும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் வேலை. காலையில் கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே மேகம்தான். வடம் அதற்குள் போகிறது, எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. இரும்புத் தொட்டிகள் ஒவ்வொன்றாக அதில் இறங்கி மறைகின்றன. மறைந்தது தாது, திரும்பி வருவது வெங்காயமோ டீசலோ தபாலோ. நேற்று ஒரு தொட்டி நிறைய முட்டைக்கோஸ் வந்தது. மேலே பனி பூத்து, மேகத்திலேயே விளைந்து வந்ததுபோல் இருந்தது. தொடவே மனம் வரவில்லை.

இங்கே காற்று மெலிது. குனிந்து ஷூ கயிறு கட்டினால் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கவேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்றுபோய், யோசித்து, மறுபடி வருகிறது. அந்த இடைவெளியில் கனவுகள். நேற்றைய கனவில் உங்கள் கடை பனியில் நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் நீங்கள் பனியை நிறுத்துக் கொடுத்தீர்கள். எடை சரியாகத்தான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் சீசன் முடிவில் எனக்குச் சளி பிடித்தது என்று வீட்டில் சொன்னேன். அது சளி இல்லை. நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது. அப்போதிருந்த டாக்டர் ஆக்ஸிஜன் வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிக் காப்பாற்றினார். ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வரும், ஏறாதே என்றார். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொள், முடிந்தால் இரவில் உயரம் குறைந்த இடத்தில் படு என்றார். என் குடும்பத்துக்காக அதை எந்தப் பேப்பரிலும் எழுதாமல் விட்டார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் ஆபீசுக்கு எழுதுகிறவர். ஆபீசுக்குத் தெரிந்தால் என்னை ஏற விடமாட்டார்கள்.

இந்த சீசன் முழுக்க மேலே நின்றால் தலைமை ஃபிட்டர் வேலை எனக்கு. கூடவே கீழ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ். உங்கள் மாடியில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை மச்சான். இருந்தாலும் உங்களுக்குப் புரியும்.

மாத்திரையின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பீர்கள். கடையில் அது வேறு காரணத்துக்கு விற்பது. ஆனால் நுரையீரல் ரத்தக்குழாயையும் அது தளர்த்தும் என்று அந்த டாக்டர் சொன்னார். இங்கே எட்டுப் பேர் ஓர் அறையில் படுக்கிறோம். அட்டையோடு அனுப்பினால் என் பெயரே அதுவாகிவிடும். பிரித்து, லேபிள் இல்லாத புட்டியில் போட்டு அனுப்புங்கள். உங்கள் தங்கைக்கு இது எதுவும் தெரியவேண்டாம்.

வணக்கத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை


கடைத்தெரு,
ஏப்ரல் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். என் மூட்டு மட்டும் மழை வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. தங்கை மாடியில் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்து மலையாகக் குவித்திருக்கிறாள். நீங்கள் ஏறும் மலையைவிட அது உயரம்.

கடிதம் படித்தேன், சீட்டும் படித்தேன். நான் சைக்கிளில் சோப்பும் தீப்பெட்டியும் விற்று வந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துக் கடையைச் சேர்த்து மூன்று வருஷம்தான். மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. யார் வாங்குவார்கள் என்று தெரியும். இந்த மாத்திரை வாங்க வந்த எந்த ஆணும் தனக்கென்று சொன்னதில்லை. ஒருவர் மாமனாருக்கு என்றார். ஒருவர் நாய்க்கு என்றார். நுரையீரலுக்கு என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அந்த மட்டுக்கு மரியாதையான காரணம். நம் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது கல்யாணமாகாத பெண். அவளிடம் போய் இதற்கு விளக்கம் கேட்கவா முடியும்?

போகட்டும். புட்டி அனுப்பியிருக்கிறேன். பெண் சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே கையால் நிரப்பினேன், லேபிள் இல்லை. தினம் ஒன்று போடுங்கள், உடம்புக்கு நல்லது. கூட ஒரு கம்பளி உறை, இரண்டு ஜோடி காலுறை.

அந்த உயரத்தில் எட்டு ஆண்கள் மட்டும்தானா, வேறு யாரும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதை உயரம் மறக்கடிக்காமல் இருந்தால் சரி.

அன்புடன்,
உங்கள் மச்சான்


நடு ஸ்டேஷன்,
மே 14

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

சுகம். மூட்டுக்குக் கம்பளி சுற்றுங்கள்.

புட்டி வந்தது. தாங்களே நிரப்பியது என்று தெரிந்தது. தினம் ஒன்று போடுகிறேன். குறையொன்றும் இல்லை, நன்றி.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கடைசித் தொட்டியில் ஏறி நடு ஸ்டேஷனுக்கு இறங்கிவிடுகிறேன். காலையில் முதல் தொட்டியில் மேலே போவேன். ஆள் ஏறக்கூடாது என்று பலகை இருக்கிறது. வடம் இழுக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர் (எல்லாரும் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறோம்) அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

தொட்டியில் தாதுக்கட்டிகள் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சிறிது நேரத்தில் மேகம் உள்ளே வந்து மடியில் உட்காரும். பிறகு மேலும் இல்லை, கீழும் இல்லை. போகிறேனா நிற்கிறேனா என்று தெரியாது. தூண் வரும்போது மட்டும் சக்கரங்கள் கடகடவென்று ஓடும். அது உங்கள் தங்கை தையல் மெஷின் மிதிக்கிற சத்தத்தைப் போலவே இருக்கும். ஒவ்வொரு தூணிலும் ஒரு சட்டை தைத்து முடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் இந்தத் தொட்டி நடு ஸ்டேஷனில் நிற்காமல் நேராக உங்கள் மாடி ஜன்னலுக்குப் போய்விடும் என்றுகூடத் தோன்றுகிறது.

நடு ஸ்டேஷனில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள் அடுப்போரம் ஒரு கட்டில் விட்டுக்கொடுத்திருக்கிறார். அங்கே மூச்சு நிற்காமல் வருகிறது.

வணக்கத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை


கடைத்தெரு,
மே 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படித்தான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. டீக்கடை அம்மாள், அடுப்போரம், கட்டில், தினம் சாயங்காலம். லேபிள் இல்லாத புட்டி வேறு. ஐந்தையும் கூட்டினால் என்ன வரும் என்று கணக்குப் படிக்காதவனும் சொல்வான். அந்த அம்மாளுக்கு என்ன வயது என்று மட்டும் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், "உன் வீட்டுக்காரர் உன்கிட்ட எதையாவது மறைச்சிருக்காரா?" அவள் பட்டன் தைத்துக்கொண்டே, "மறைக்கத் தெரிஞ்சாத்தானேண்ணா. பொய் சொன்னா காது செவந்துடும், பாவம்" என்றாள். கடிதத்தில் காது தெரிவதில்லை, அதுதான் சங்கடம்.

இன்னொன்று. நான் கனவு காண்கிற ஆள் இல்லை, படுத்தால் கட்டை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கும் வருகிறது. ஷட்டரைத் தூக்கினால் தெரு இல்லை, மேகம். கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. கல்லாவில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். காலையில் எழுந்தால் கை சில்லென்று இருக்கிறது. இப்படியெல்லாம் வியாபாரிக்கு எழுதாதீர்கள்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று எழுதவும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மேல் ஸ்டேஷன்,
ஜூன் 28

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடமாட்டம் உண்டு, அந்த வகையில் சுகம்.

டீக்கடை அம்மாள் தூங்குமூஞ்சியைப் பெற்றவர். வயது கேட்டேன், மறந்துவிட்டது என்றார். பல் ஒன்றும் இல்லை. பலகை சொன்னதைக் கேட்காமல் தொட்டியில் வருகிறாயே என்று வந்த முதல் நாளே என் காதைத் திருகினார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போது நான் அங்கே போவதில்லை. சென்ற மாதம் காற்றில் ஒரு தொட்டி தூணில் மோதித் தாதுவைக் கொட்டிவிட்டது. அதன்பின் ஆபீசிலிருந்து ஆள் வந்து விஞ்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆள் ஏறினால் விஞ்ச்காரர் வேலை போகும். அவர் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசில்லை. நடைபாதையும் மண் சரிந்து கிடக்கிறது. எனவே இரவும் இங்கேயே.

இங்கே பகலுக்கும் இரவுக்கும் நடுவில் வேலி இல்லாமல் போய்விட்டது. ஸ்பானரைக் கையில் பிடித்தபடி கனவு வருகிறது. வடத்தின்மேல் உங்கள் தங்கை தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். பாதி தூரத்தில் நின்று, வாசலுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்கிறாள். நான் சொல்ல வாய் திறந்தால் மேகம் வருகிறது. எங்கள் சமையல்காரரிடம் சொன்னேன். அவருக்கு உப்பு என்று பெயர், இந்த உயரத்தில் நாக்குக்கு எதுவும் எட்டாததால் எல்லாவற்றிலும் இரண்டு பங்கு போடுவார். "மேகம் வந்தா முழுங்கிட்டுச் சொல்லு தம்பி. பொம்பளை நிக்கிறா இல்ல" என்றார். அவருக்கும் இருமல். எனக்கும் சின்ன இருமல்தான்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் தீரவில்லை.

வணக்கத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை


கடைத்தெரு,
ஜூலை 9

மாப்பிள்ளைக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. புட்டியில் நான் போட்டது நீங்கள் கேட்ட மாத்திரை அல்ல. அதே அளவு, அதே நிறம் உள்ள சத்து மாத்திரை. நீங்கள் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. என் தங்கைக்குத் துரோகம் செய்ய என் கடையிலிருந்தே மருந்து போகக்கூடாது என்று நினைத்தேன். இதுதான் உண்மை.

இன்று காலை ஒரு பெண் மடியில் குழந்தையோடு வந்தாள். நடக்கக்கூட ஆரம்பிக்காத குழந்தை. உதடு நீலம். டாக்டர் சீட்டை நீட்டினாள். பார்த்தால் அதே பெயர். நான் பதறிப்போய், "என்னம்மா இது, யாருக்கு?" என்று கேட்டேன். அவள் குழந்தையைக் காட்டினாள். நம் கடைப் பெண் சீட்டை வாங்கிக்கொண்டு, "நுரையீரல்ல ரத்த அழுத்தம் சார். இது அந்தக் குழாயைத் தளத்திவிடும். பொடி பண்ணி, அளந்து கொடுக்கணும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். மலைமேல் போகிறவர்களுக்கும் கொடுப்பார்களா என்று கேட்டேன். "சிலருக்குக் கொடுப்பாங்க சார். ஆனா நெஞ்சுல தண்ணி கோத்துட்டா இறங்கறதுதான் மருந்து. மாத்திரையை நம்பி மேல உக்காரக்கூடாது" என்றாள்.

உங்கள் கடைசிக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. சின்ன இருமல் என்று எழுதியிருந்தீர்கள்.

உடனே கீழ் ஸ்டேஷன் ஆபீசுக்கு போன் போட்டேன். உங்களை இறக்கச் சொன்னேன். காற்று ஓயும்வரை தொட்டி ஓடாது, மேலே போகும் போன் கம்பியும் அறுந்து கிடக்கிறது என்றார் ஆபீசர். உங்களுக்குப் போன வருஷமே நெஞ்சில் தண்ணீர் கோத்தது என்று சொன்னேன். "அப்படியா? எங்க ரெக்கார்டுல இல்லியே" என்றார். "இப்ப எழுதிக்குங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் இத்தனை நாள் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்களோ அந்த வேலையை ஒரே வாக்கியத்தில் காலி செய்துவிட்டேன். முதலில் செய்தது முட்டாள்தனம். இதைத் தெரிந்தேதான் செய்தேன். உயிரோடு இருந்தால் திட்டுவீர்கள், அது போதும்.

இன்றிரவு பஸ்ஸில் கிளம்புகிறேன். சரக்கு வாங்கப் போவதாகத் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்ட நிஜ மாத்திரை கையில் இருக்கிறது. இந்தக் கடிதமும் என்னோடு வருகிறது. முதல் தொட்டி எப்போது ஏறினாலும் இரண்டும் அதில் ஏறும்.

மச்சான்


கீழ் ஸ்டேஷன்,
ஜூலை 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். சரக்கு வாங்க வரவில்லை. உன் வீட்டுக்காரர் இருக்கும் மலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் கேட்ட மாத்திரை, நான் அனுப்பிய மாத்திரை, நினைத்த நினைப்பு, ஆபீசரிடம் சொன்ன சொல், ஒன்றும் விடாமல்.

இதுதான் நான் செய்த வேலை. இனி இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

இந்த இடமே நம் ஊர்க் கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் எட்டாத உயரம். வந்து இறங்கியதும் தலை கிண்ணென்றது. இங்கத்து டாக்டர் எல்லாருக்கும் கொடுக்கிற மலை மாத்திரை ஒன்று கொடுத்தார். அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஓடுகிறது. சோடா வாங்கிக் குடித்தேன், கேஸ் போன தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது. கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் சிரித்து, "மாத்திரை போட்டிருக்கீங்களா? அப்ப சோடா அப்படித்தான் இருக்கும். போட்டவங்க எல்லாரும் என்கிட்டத்தான் சண்டைக்கு வருவாங்க" என்றான். மருந்து நாக்கையே ஏமாற்றும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வடம் என் தலைக்கு மேலே போகிறது. மேகத்துக்குள் நுழைகிற இடம்வரை தெரிகிறது, அதற்கப்புறம் இல்லை. நாலு நாளாக அது அசையவில்லை. பாதி வழியில் தொட்டிகள் அப்படியே தொங்குகின்றன. மேகம் வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறது, சற்று நேரம் கழித்துத் திருப்பித் தருகிறது. அவர் எழுதியதையெல்லாம் படித்தபோது வேலையில்லாத எழுத்து என்று நினைத்தேன். இங்கே வந்து பார்த்தால் அவர் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார். மத்தியானம் உட்கார்ந்தபடியே கண் அசந்தேன். மேகத்துக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவது கேட்டது. நின்றது. எப்போது வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விழித்தபோது எனக்குத்தான் மூச்சு முட்டியிருந்தது.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எழுது.

உன் அண்ணன்


மாடி வீடு,
ஜூலை 16

அண்ணா,

குளிருக்குக் காதை மூடிக்கொள். இங்கே கடையைப் பார்மசிஸ்ட் பெண்ணும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

உன் கடிதத்தைப் பஸ் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அவரையும் டீக்கடையையும் சேர்த்துப் பார்க்க உன்னால்தான் முடியும். பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை, வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன வருஷம் அவர் வந்த முதல் வாரம், மாடிப்படியின் நடுவில் நின்றார். செருப்பைச் சரி செய்வதுபோல் குனிந்தார். செருப்பில் ஒன்றுமில்லை. நான் துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே வந்து நின்றேன். அவர் நிமிர்ந்து ஏறும்வரை ஒரே துணியை நாலு தடவை உதறினேன். தூக்கத்தில் அவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டால் இந்த வருஷம் போகமாட்டார். போகாவிட்டால் இந்த மாடிதான். உன் வீட்டில் குறையில்லை அண்ணா. எனக்கும் ஒரு கதவு வேண்டியிருந்தது, உள்ளிருந்து நான் தாழ் போட. அதற்காக அவரை ஏறவிட்டேன்.

எனவே நீ ஒருத்தனே சுமக்காதே. எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல். வேலை போனால் போகட்டும், இறக்கிக் கொண்டுவா.

தங்கை


மேல் ஸ்டேஷன்,
ஜூலை 17

மச்சான்,

காற்று ஓய்ந்திருக்கிறது. தொட்டியில் ஆக்ஸிஜனும் உங்கள் கடிதமும் புட்டியும் வந்தன. எழுத நேரமில்லை, மூச்சும் இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்ப முடியாது.

முதல் நாளே எனக்குத் தெரியும். போன வருஷம் டாக்டர் கொடுத்த நிஜ மாத்திரை போட்டால் முகம் சூடாகும், மூக்கு அடைக்கும். உங்கள் புட்டியில் எதுவும் இல்லை. ஒன்றுக்குப் போனால் மஞ்சளாகப் போனது, நகம் நன்றாக வளர்ந்தது. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்றும் புரிந்தது. இல்லை மச்சான் என்று எழுதியிருக்கலாம். நம்பாதவரிடம் கெஞ்ச எனக்கு வரவில்லை. அதனால்தான் தினம் நடு ஸ்டேஷனுக்கு இறங்கிப் படுத்தேன். அந்த வழி அடைபட்ட பிறகாவது உண்மையை எழுதியிருக்க வேண்டும். எழுதியது சின்ன இருமல் என்று. உங்கள் தப்பில் என் ரோஷமும் பாதி.

இப்போது நிஜ மாத்திரை போட்டிருக்கிறேன். முகம் எரிகிறது. இதுதான் அது.

இந்தத் தொட்டியில் உப்பு வருகிறார். இருமலில் நுரை வருகிறது, சிவப்பாக. ஆக்ஸிஜன் அவரோடு இருக்கிறது. ஒரே ஓர் ஆள் படுக்கத்தான் இடம். என்னால் இன்னும் உட்கார முடிகிறது. அவரை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் தலையைத் தாழ்த்தாதீர்கள். அடுத்ததில் நான் வருகிறேன்.

மாப்பிள்ளை


கீழ் ஸ்டேஷன்,
ஜூலை 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் இதைப் படி. அவர் இறங்கிவிட்டார். உயிரோடு இருக்கிறார்.

இனி நிதானமாக எழுதுகிறேன். சமையல்காரரை இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் என்னிடம், "கஞ்சியில உப்பு பத்தல" என்றார். ஆக்ஸிஜன் குழாய்க்குள்ளிருந்து. இன்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவரை விட்டுவிட்டு நான் ஓடி வருவதற்குள் காற்று மறுபடி எழுந்து வடம் நின்றுவிட்டது. உன் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டாரா, மேலே இருக்கிறாரா, நடுவில் எங்காவது தொங்குகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. நடு ஸ்டேஷனோடு பேச வழியில்லை. ஆபீசர் நல்ல மனிதர்தான், ஆனால் காற்றுக்கு உத்தரவு போட அவராலும் முடியாது. நான் வடத்துக்குக் கீழே கல்லில் உட்கார்ந்தேன். கம்பளியை யாரோ போர்த்தினார்கள். மேகம் இறங்கி வந்து என்னையும் எடுத்துக்கொண்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்து, வாழ்நாளில் நான் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்தவை எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். இன்னார் பொய் சொல்கிறார், இன்னார் ஏமாற்றுகிறார் என்று. எத்தனை சரி, எத்தனை தப்பு என்று யார் கண்டது? நான் தப்பாக நினைத்தவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லையே.

விடிந்து வெகுநேரம் கழித்து வடம் முனகியது. சக்கரம் அசைந்தது. காலி தொட்டி ஒன்று வந்தது. இன்னொன்றும் காலி. மூன்றாவதில் அவர். கூடவே அந்த டீக்கடை அம்மாள், பல் இல்லாமல், அவரைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. வடம் நிற்பதற்கு முன்பே உன் வீட்டுக்காரர் நடு ஸ்டேஷன்வரை வந்துவிட்டிருக்கிறார். இரவு முழுக்க அடுப்போரம் உட்காரவைத்துக் காவல் காத்தது அந்த அம்மாள்தான். என்னைப் பார்த்து, "நீதான் கடைக்கார மச்சானா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு என்ன வயது என்று கேட்டவன் நான். காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

நெஞ்சில் தண்ணீர் இருக்கிறது, வடிந்துகொண்டு வருகிறது, பயமில்லை என்கிறார் டாக்டர். உதட்டின் நீலம் போய்விட்டது. உனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். "நாலு தடவ உதறினாளா" என்று மட்டும் கேட்டார்.

இன்று ஆபீசர் வந்தார். மேல் ஸ்டேஷனுக்கு இனி எப்போதும் அனுப்ப முடியாது, தலைமை ஃபிட்டர் வேலையும் கிடையாது. கீழ் விஞ்சுக்கு ஒரு ஃபிட்டர் வேண்டும், சம்பளம் குறைவு, ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் உள்ள வீடு உண்டு என்றார். இந்த உயரம் இவருக்கு ஒத்துக்கொள்ளும், மாதாமாதம் பரிசோதித்தால் போதும் என்று டாக்டரும் சொன்னார். ஆபீசர் என் முகத்தைப் பார்த்தார், நான்தான் பதில் சொல்வேன் என்று. சம்பளத்தைப் பற்றிப் பேச என் வாயில் நாலு வாக்கியம் வந்து நின்றது. முழுங்கிவிட்டேன். உன் வீட்டுக்காரர், "வீட்டுல கேக்கணும் சார்" என்றார்.

அதனால் கேட்கிறேன். அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, துரு பிடித்திருந்தது, எண்ணெய் போட்டேன். மற்றபடி அது வசதியா, குளிரா, உன் மெஷினுக்கு வெளிச்சம் போதுமா என்பதெல்லாம் நீ வந்து பார்த்து அவரிடம் சொல்லவேண்டியது. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் பார்மசிஸ்ட் பெண்ணிடம் மலை மாத்திரை கேட்டு வாங்கிக்கொள். எப்படிப் போடவேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.

உன் அண்ணன்